தலையை எண்ணியாச்சு, குறையை எப்போது கேட்பீர்கள்?

சுவரில் வைத்த பட்டி இன்னும் காயவில்லை. ஏணியில் நின்றபடியே பெயின்டர் சொன்னார்: "நாளைக்கு வரமாட்டேன் சார். கேம்ப்ல செக்கிங்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐப்பசி பிறந்தால் ஊத்துக்கோட்டையில் வெளிச்சுவர் வேலை எதையும் நம்பிக் கையில் எடுக்க முடியாது. ஆரணியாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, சுவரில் ஈரம் வந்துவிடும். "என்னய்யா செக்கிங்?" என்று கேட்டேன். அவர் கீழே இறங்கி, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பட்டியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார். ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்களாம். அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, பேர் கூப்பிடும்போது முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் அரசு தரும் அந்த மாதப் பணக்கொடை சிக்கலாகும். அதைவிடப் பெரிய பயம், பேரே பட்டியலிலிருந்து போய்விடுமோ என்பது.

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

அவருக்கு வயது 34. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. எடுத்தவர், "ஓம் அம்மா, வாறன். சாப்பிட்டிட்டன்" என்றார். போனை வைத்ததும் என்னிடம் மறுபடி நம் திருவள்ளூர்த் தமிழ். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் அவர் மன்னார்க்காரர்.

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், புதுவாயல் வழியாகப் போனால் கும்மிடிப்பூண்டி ஒன்றும் தொலைவில்லை. அதை அடுத்த பெத்திக்குப்பத்தில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டிலுள்ள பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. சென்னைக்குப் போகும் வழியில் புழல் காவாங்கரையில் இன்னொன்று. நம் ஊர்ப்பக்கம் புது வீடு கட்டி வெள்ளையடித்தவர்களில் பாதிப் பேராவது முகாமிலிருந்து வந்த பெயின்டரைப் பார்த்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களில் முகாம் பெண்களும் உண்டு. ஆனால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நாமும் கேட்டதில்லை, அரசும் கேட்டதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு துல்லியமானதுதான். 1983 தொடங்கி இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர். 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் 110-ஆவது விதியின்கீழ் சொன்ன எண் இது. அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழ்பவர்கள் 34,087 பேர். ஒற்றை ஆள் வரை பிசகாத கணக்கு. அன்றைக்கே 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். சிதிலமான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் பிள்ளைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்துவது என்று பல அறிவிப்புகள். மறுநாள் 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறையை அடைத்து வைத்திருந்த ஊரில் நல்ல சுவர் எழும்பியது பெரிய காரியம்.

என் குறை வேறு. சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீரை நம் ஊருக்குப் பக்கத்தில் ஜீரோ பாயின்டில் தினமும் அளக்கிறார்கள். இத்தனை கன அடி வந்தது என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தண்ணீருக்கு வாய் இல்லை, அளப்பதோடு விட்டுவிடலாம். முகாமில் இருப்பவர்களுக்கு வாய் இருக்கிறது.

பெயின்டரின் அம்மாவிடம் பேச ஆசைப்பட்டேன். வெளியாள் முகாமுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும். எனவே மகன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் அவருடைய போனிலேயே பேசினேன். 1990-இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர். அப்போது இந்த மகன் வயிற்றில்.

"தம்பி, எந்த நேரம் கிணத்தடிக்குப் போகலாம், எந்த நேரம் போகப்படாதெண்டு எங்களுக்குத் தெரியும். ஹெலி எந்தப் பக்கத்தால வரும், எந்த ரோட்டால ஆமி வரும், எல்லாம் தெரியும். ஆர் எங்களைக் கேட்டது? பெரிய ஆக்கள் வருவினம், எழுதுவினம். எழுதிக்கொண்டு போன ஒருத்தரும் திரும்பி வரேல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மன்னாரைப் பற்றிச் சொன்னாரா, இங்கே முகாமுக்கு வந்து போன ஆய்வு மாணவர்களைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

அவருடைய அக்கா குடும்பம் படகேறவில்லை, மடுவில் தங்கிவிட்டது. 1990-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை நடத்தத் தொடங்கியது. மடு மாதா கோயில் பகுதியைச் சனங்களே முதலில் அடைக்கல இடமாக எடுத்துக்கொண்டார்கள். அமைப்பு அவர்கள் பின்னால் போய் அதை ஏற்றுக்கொண்டது. எங்கே பாதுகாப்பு என்று சனங்கள் காட்டிய இடத்திலேயே பாதுகாப்பு அமைந்ததால் அது பல வருஷம் நின்றது. கடைசியில் 1999 நவம்பரில் அங்கேயும் ஷெல் விழுந்து அடைக்கலம் புகுந்தவர்கள் மாண்டார்கள். சனங்களைக் கேட்டுவிட்டால் குண்டு விழாது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்து வருஷம் கழித்து வன்னி சாட்சியானது.

2009 ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் முதல் 'போர் தவிர்ப்பு வலயத்தை' அறிவித்தது. பிப்ரவரியில் புதுமாத்தளன் பக்கம் இரண்டாவது, மே மாதத் தொடக்கத்தில் மூன்றாவது. எல்லாம் ஒருதலையாக வரைபடத்தில் போட்ட கோடுகள். கோட்டுக்குள் வந்தால் உயிர் தப்பலாம் என்று நம்பி வந்தவர்கள்மீதே ஷெல் விழுந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த, மர்சுகி தாருஸ்மான் தலைமையிலான குழு 2011-இல் கொடுத்த அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே அறிக்கை புலிகள் சனங்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்ததையும், போக முயன்றவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. இரண்டு பக்கமும் சனங்களைக் கேட்கவில்லை.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கியது எண்ணிக்கை விஷயம். வன்னிக்குள் 70,000 பேர்தான் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. களத்தில் இருந்த சொந்த அரசாங்க அதிகாரியே மூன்று லட்சத்து முப்பதாயிரம் என்று எழுதி அனுப்பினார், அது ஏற்கப்படவில்லை. 70,000 பேருக்கு என்று கணக்குப் போட்டுத்தான் அரிசியும் மருந்தும் கப்பலேறின. சண்டை முடிந்தபோது வெளியே வந்தவர்களே இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசு விசாரணை ஆணைக்குழு முன் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் கணக்கையே எடுத்து வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

எண்ணுவதும் கேட்பதும் ஒன்றல்ல என்பது போர் நடக்கும் வேறு நாடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்திருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவா ஒப்பந்தங்களின் ஐம்பதாம் ஆண்டில், 1999-இல், போர் பார்த்த 12 நாடுகளில் சாதாரண சனங்களிடம் போய், போரில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று கேட்டது. 2016-இல் 16 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. இதெல்லாம் பெரிய சர்வே. எனக்குப் பிடித்தது சூடானின் டார்ஃபூரில் நடந்த சின்ன விஷயம். முகாமை விட்டு விறகு பொறுக்கப் போன பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். முகாம் வாசலில் எத்தனை சிப்பாயை நிறுத்தினாலும் பயனில்லை, ஆபத்து இருந்தது விறகுக் காட்டில். பெண்களோடு உட்கார்ந்து பேசி, எந்த நாளில் எந்த வழியாகப் போவது என்று முடிவுசெய்து, ஆப்பிரிக்க ஒன்றியப் படையினர் கூடவே ரோந்து போனார்கள். பேச்சு ஒழுங்காக நடந்த முகாம்களில் அது பலித்தது. பேச்சு நின்ற இடத்தில் ரோந்தும் நின்றது. காங்கோவில் ஐ.நா. படை 2010 வாக்கில் உள்ளூர் மொழி தெரிந்த ஆட்களைத் தொடர்பாளர்களாக வைத்து, ஊர்க்காரர்கள் கையில் போன் கொடுத்து, ஆபத்து வருமுன் கூப்பிடச் சொன்னது. எல்லாத் தடவையும் படை போய்ச் சேரவில்லை. ஆனால் எங்கே பயம் என்று ஊர் சொல்லி படை தெரிந்துகொள்ளும் வழி பிறந்தது.

விறகுக் காட்டை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி வண்டி நெடுஞ்சாலையில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து முகாம் வரை நடக்கும் பெண்ணுக்கு எந்த இடத்தில் கால் வேகமாகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். தெருவிளக்கு போடும் பொறியாளருக்குத் தெரியாது, செக்கிங்குக்கு வருபவருக்கும் தெரியாது. காண்டிராக்டர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால், 'நீ கேம்ப்காரி, போலீசுக்குப் போனால் உனக்குத்தான் வம்பு' என்று மிரட்டினால் அவள் எங்கே போவாள்? தமிழ்நாட்டில் குண்டு விழவில்லை என்பது உண்மை. போரில் தப்பி வந்தவருக்குப் பாதுகாப்பு என்பது குண்டு விழாமல் இருப்பதோடு முடிந்துவிடுவதில்லை.

இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன். நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் அரசியல் சாசனப்படி கிராம சபை என்றால் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்கள். முகாம்வாசிக்கு வாக்கு இல்லை. ஆகவே முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஊராட்சியின் தண்ணீரைக் குடித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்திருந்தாலும், அந்த ஊர்க் கிராம சபையில் கை தூக்கும் உரிமை சட்டப்படி அவருக்கு இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். அதற்கு ஒருநாள் கூலியை விட வேண்டும், பயத்தையும் விட வேண்டும்.

கேட்காததால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983-இலிருந்தே முகாம்கள் இருக்கின்றன. அப்படியானால் அந்த நான்கு ஆண்டுகளில் முகாம்களில் பிறந்த குழந்தைகள்? 1986-இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்த ஒரு பெண் நீதிமன்றம் போனார். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார். அவர் சட்டத்தைத் தேடிப் போனார். அவரைப் போன்ற மற்றவர்கள் இன்றும் செக்கிங் வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். பிறந்த இடம், பிறந்த நாள் என்று இரண்டே இரண்டு கட்டம் போட்ட ஒரு தாள், உட்கார்ந்து கேட்க ஓர் ஆள், அந்த ஊர் மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடித் தர ஒரு குமாஸ்தா. செலவு இவ்வளவுதான்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் நீளம். இந்திய வம்சாவளித் தமிழர்களான அவர்கள் விஷயத்தில் 2019-லேயே மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று உத்தரவிட்டது. நிம்மதிதான். ஆனால் தண்டனை இல்லை என்பது உரிமை உண்டு என்பதாகாது.

திரும்பிப் போக நினைப்பவர்கள் நிலை? 2025-இல் தமிழ்நாட்டு முகாமிலிருந்து தாமாகத் திரும்பிப் போன ஒரு முதியவரை யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். பல வருஷத்துக்கு முன் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம், அதுதான் குற்றம். ஷெல்லுக்குத் தப்பிப் படகேறுகிறவர் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டா ஏறுவார்? இந்தச் செய்தி முகாம்களில் எத்தனை பேர் மனதை மாற்றியது, யார் போக நினைத்திருந்தார்கள், இப்போது யார் தயங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் டெல்லி கொழும்போடு என்ன பேசும்?

கேட்டுவிட்டால் மட்டும் விடியும் என்று நம்பும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. நம் பக்கத்திலேயே தேர்வாய் கண்டிகையில் மேய்க்கால் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தபோது ஊர்ச்சனம் எதிர்த்தது, போராடியது, வழக்குக்கும் போனது. நிலம் போனது போனதுதான். இலங்கையில் 2016-இல் அமைத்த நல்லிணக்கக் கலந்தாய்வுச் செயலணி நாடு முழுவதும் போய் 7,306 கருத்துகளைக் கேட்டு எழுதியது. நல்ல வேலை. 2017 ஜனவரியில் அறிக்கையைக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ள ஜனாதிபதி வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா வாங்கிக்கொண்டார். அப்புறம் அது அலமாரிக்குப் போனது. ஆகவே கேட்பதைவிட, கேட்டவர் திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவதே முக்கியம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கை என்ற ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறோம். வீடு வீடாகப் போய் விசாரித்து, அதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்து, அதிகாரி எழுந்து பதில் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு முகாமுக்கென்று ஒரு சபை வைக்கலாம். முகாம் சபை. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், வாக்குரிமைச் சிக்கலும் வராது. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஓர் அரசாணை போட்டால் போதும். கும்மிடிப்பூண்டியில் தொடங்கட்டும். ஊரில் கிராம சபை நடக்கும் அதே ஆறு நாளில் முகாமிலும் சபை. ஊராட்சிச் செயலர், வருவாய் ஆய்வாளர், மின்வாரியம், சுகாதாரத் துறை, தொழிலாளர் நலத் துறை உட்கார வேண்டும். முகாமைக் கண்காணிக்கும் கியூ பிராஞ்ச் போலீஸ் அன்றைக்கு மட்டும் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கட்டும். அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்வரிசையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சபைக்கு முன்பு வீடு வீடாகக் கேள்வி கேட்பவர்கள் முகாமிலேயே படித்த பிள்ளைகளாக இருக்க வேண்டும். பட்டம் முடித்துவிட்டு பெயின்ட் அடிப்பவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்குத் தினப்படி கொடுத்துப் பயிற்சி கொடுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். பாதுகாப்பைப் பற்றிய கேள்வித்தாளில் பேரும் வீட்டு எண்ணும் இருக்கக் கூடாது. தாள் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. ஆவண உதவிக்கான தாள் தனியாக இருக்கட்டும், அதில் பேர் இருக்கலாம், அதுவும் அவர் சம்மதித்தால். இந்த இரண்டையும் குழப்பினால் முதல் சர்வேயோடு நம்பிக்கை போய்விடும்.

மூன்றாம் நாள் பெயின்டர் வந்தார். அவர் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தபோது, இப்படி ஒரு சபை வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று விசாரித்தேன். ரொம்ப நேரம் யோசித்தார். ரோலரைத் தட்டில் இரண்டு தரம் உருட்டினார்.

"செக்கிங்க ஞாயித்துக்கிழமை வைக்கச் சொல்வேன் சார். ஒரு நாள் கூலி மிஞ்சும்."

செக்கிங் அன்று போடுகிற மேஜையும் நாற்காலியும் அங்கேயே இருக்கின்றன. ஜனவரி 26-க்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.